கதவுக்குக் கணக்கு உண்டு, ஆளுக்குக் கணக்கு இல்லை!



முதலில் ஒரு சின்னக் கணக்கு. 6,000-ஐ 365-ஆல் வகுத்துப் பாருங்கள். பதினாறுக்குச் சற்று மேலே வரும்.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி, கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, மஸ்ஜித் இந்தியா சாலையிலுள்ள சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் ஆகிய இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களையும் அரசு முள்கம்பி போட்டு மூடியது. அப்போது பாதுகாப்புப் பிரிவின் மூத்த அமைச்சராக இருந்த இஸ்மாயில் சப்ரி வெளியிட்ட எண்ணிக்கைதான் இது: 365 குடியிருப்புகள், சுமார் 6,000 பேர், அவர்களில் 97 விழுக்காட்டினர் வெளிநாட்டினர். வீட்டுக்குப் பதினாறு பேர்!

அந்தக் கட்டடங்கள் உங்களுக்குத் தெரியாதவையா? தீபாவளிக்கு வேட்டி, சேலை எடுக்க அந்தச் சாலைக்குப் போயிருக்கிறீர்கள். மாலை வாங்கியிருக்கிறீர்கள். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தோசையும் தே தாரேக்கும் சாப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் தலைக்கு மேலே, பழைய கட்டடங்களின் மாடிகளில், ஆயிரக்கணக்கானோர் முறை வைத்துப் படுத்து எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அது கடைக்காரருக்கும் வாடகை வாங்கியவருக்கும் தெரிந்ததுதான். எந்தப் புள்ளிவிவர ஏட்டிலாவது அது இருந்ததா? ஒரு நோய் வந்து, அது மற்றவர்களுக்கும் பரவும் என்ற பயம் வந்த பிறகுதான் அந்த 6,000 பேர் அரசின் வாயில் ஓர் எண்ணாக வந்தார்கள்.

மதிப்பீட்டு வரியை மலாய்ப் பேச்சு வழக்கில் ‘சுக்காய் பிந்து’ என்பார்கள். கதவு வரி. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மாநகர் மன்றத்துக்குக் கதவு எத்தனை என்பது ஒன்றுகூடப் பிசகாமல் தெரியும். கதவுக்குப் பின்னால் எத்தனை உயிர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, குழாயில் தண்ணீர் எந்நேரம் வருகிறது, லிஃப்ட் எத்தனை நாளாக ஓடவில்லை என்பதெல்லாம் யாருடைய கோப்பிலும் இல்லை. இந்த நாட்டில் ஏழைகளின் வீட்டுப் பிரச்சினை தீராமல் இருப்பதற்குப் பணப் பற்றாக்குறையை மட்டும் காரணம் சொல்லாதீர்கள். அளவுகோலே தப்பானது. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் நமக்குக் கணக்குக் காட்டுகிறார்கள், நாமும் கை தட்டுகிறோம்.

‘கட்டுப்படி விலை’ யாருக்குக் கட்டுப்படி?

2019-இல் வந்த தேசியக் கட்டுப்படி விலை வீடமைப்புக் கொள்கை, 300,000 ரிங்கிட் வரை விலையுள்ள வீட்டைக் கட்டுப்படியானது என்கிறது. கோலாலம்பூரில் 2013-இல் தொடங்கிய ரூமாவிப் திட்டமும் அதே உச்சவரம்பைத்தான் வைத்தது. சரி, இந்தத் தொகை எங்கிருந்து வந்தது?

உலக அளவில் பலரும் பயன்படுத்தும் ஓர் எளிய அளவு இருக்கிறது. வீட்டின் விலை, குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும். கசானா ஆய்வுக் கழகம் 2015-இல் இதை வைத்துத்தான் நம் நாட்டை அளந்தது. 2014-இல் மலேசியாவில் வீடு 4.4 மடங்கு, கோலாலம்பூரில் 5.4 மடங்கு. அதாவது நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாத விலை. இதை அளந்தவர்கள் எதிர்க்கட்சிக்காரர்களோ தெருவில் இறங்கும் நம்மைப் போன்றவர்களோ அல்லர், அரசின் முதலீட்டு நிறுவனமே நிதி கொடுத்து நடத்தும் கழகம்.

அதே அளவை ஏழைக்குப் போட்டுப் பாருங்கள். 2022-இல் அரசே நிர்ணயித்த வறுமைக் கோட்டு வருமானம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 ரிங்கிட். ஆண்டுக்கு 31,068. மூன்று மடங்கு என்றால் 93,204 ரிங்கிட். இந்தக் குடும்பத்தின் முன்னால் 300,000 ரிங்கிட் வீட்டை வைத்து ‘உனக்காகத்தான் கட்டினோம்’ என்கிறார்கள். அவர்களுடைய ஆண்டு வருமானத்தில் அது ஏறத்தாழப் பத்து மடங்கு! 2022-இல் பி40 பிரிவின் மேல் விளிம்பில், 5,250 ரிங்கிட்டுக்குச் சற்றுக் கீழே சம்பாதித்த குடும்பத்துக்கும் 189,000-க்கு மேல் எட்டாது. கடையில் துணி மடிக்கும் பெண்ணும் பாத்திரம் கழுவும் கணவனும், இருவருமே 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு 122,400.

அப்படியானால் 300,000-ஐ எப்படி நியாயப்படுத்துகிறார்கள்? கோலாலம்பூரின் இடைநிலைக் குடும்ப வருமானம் 2022-இல் 10,234 ரிங்கிட். இதை வைத்துக் கணக்குப் போட்டால் 368,000 ரிங்கிட் வீடுகூடக் கட்டுப்படியாகிவிடும்! பங்சாரிலும் மொன்ட் கியாராவிலும் இருப்பவர்களைச் சேர்த்து எடுத்த நடுப்புள்ளியைக் கொண்டு செந்தூல் குடும்பத்துக்கு விலை வைக்கிறார்கள். நம் சமூகத்துக்கு இதில் இரட்டை அடி. இந்தியர்களின் இடைநிலை வருமானம் பூமிபுத்ராவினரின் இடைநிலை வருமானத்தைவிட மேலே இருக்கிறது என்று அட்டவணையைக் காட்டி, ‘உங்களுக்கு என்ன குறை?’ என்று கேட்பார்கள். டாக்டரையும் வழக்கறிஞரையும் துப்புரவுத் தொழிலாளியையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி எடை பார்த்தால் வேறு என்ன வரும்?

0.4 எப்படி 7.6 ஆனது?

அளவுகோல் என்ன செய்யும் என்பதற்கு நம் கண் முன்னால் நடந்த ஒரு சம்பவம் போதும். 2016-ஆம் ஆண்டுக்கு நாட்டின் வறுமை விகிதம் வெறும் 0.4 விழுக்காடு என்று அறிவித்தார்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்ற கோட்டை வைத்து வந்த எண் அது. வறுமையை ஒழித்துவிட்டோம் என்று உலக மேடைகளில் மார்தட்டினார்கள். 2019 ஆகஸ்டில் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன் இங்கு வந்து, மக்களையும் அதிகாரிகளையும் சந்தித்துவிட்டு, இந்தக் கோடு அபத்தமாகத் தாழ்ந்தது, உண்மையான வறுமை இதைவிடப் பல மடங்கு என்று பகிரங்கமாகச் சொன்னார். அன்றைய அமைச்சர்கள் கொதித்தார்கள். ஓராண்டு கூட ஆகவில்லை. 2020 ஜூலையில் அதே அரசாங்க இயந்திரம் கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. புதிய முறையில் 2016-ஐத் திரும்பக் கணக்கிட்டபோது 0.4 விழுக்காடு 7.6 விழுக்காடு ஆனது!

சற்று நிறுத்தி யோசியுங்கள். அந்த 2016-இல் புதிதாக யாரும் ஏழையாகிவிடவில்லை. அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். கோடு அவர்களைத் தொடாமல் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதே காலத்தில் யுனிசெஃப் அமைப்பு கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் 17 மலிவு விலை அடுக்குமாடிப் பகுதிகளில் ஆய்வு நடத்தி, 2018 பிப்ரவரியில் வெளியிட்டது. அங்குள்ள குழந்தைகளில் அன்றைய அரசுக் கோட்டின்படி பரம ஏழைகள் 7 விழுக்காடு. சுற்றியுள்ள நகரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒப்பீட்டு வறுமையின்படி? 99.7 விழுக்காடு! ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். பத்தில் ஒரு குழந்தைக்கு மூன்று வேளைச் சாப்பாடு இல்லை. ஆப்பிரிக்கப் பாலைவனத்துப் புள்ளிவிவரம் என்று நினைத்துவிடாதீர்கள், இரட்டைக் கோபுரம் தெரியும் ஜன்னல்களுக்கு உள்ளே எடுத்தது.

இந்தக் குடும்பங்களுக்கெல்லாம் வீடு இருக்கிறது. அரசின் கணக்கில் இவர்கள் ‘தீர்க்கப்பட்ட’ பிரச்சினை. பிபிஆர் வாடகை 124 ரிங்கிட், மூன்று அறை, 650 முதல் 700 சதுர அடி. வாடகை மலிவுதான், அதை நான் மறுக்கவில்லை. அந்த 124 ரிங்கிட் வாடகையைக் காப்பாற்ற ஏழைகள் எதையும் சகித்துக்கொள்வார்கள் என்பது மாநகர் மன்றத்துக்கும் தெரியும். பதினைந்தாவது மாடியில் இருக்கும் பாட்டிக்கு லிஃப்ட் ஓடாத நாளில் அந்த வீடு சிறை. ஆனால் லிஃப்ட் ஓடிய நாளும் ஓடாத நாளும் வீடமைப்புக் கணக்கில் வராது. 2018 ஜனவரி 15-ஆம் தேதி பந்தாய் டாலாமில் ஸ்ரீ பந்தாய் பிபிஆரில் மேலிருந்து வீசப்பட்ட ஒரு நாற்காலி விழுந்து 15 வயதுப் பையன் ஒருவன், நம் வீட்டுப் பையன், தாயின் கண் முன்னால் இறந்தான். மேலே இருந்தவர்களுக்கு நாகரிகம் இல்லை என்று ஊரே திட்டியது. பழைய சாமான்களைப் போட இடம் இருந்ததா, லிஃப்ட் ஓடியதா, மேலிருந்து விழுவதைத் தடுக்கக் கீழே கூரை இருந்ததா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

தோட்டத்திலேயே தொடங்கிய தப்புக் கணக்கு

நம் மக்களுக்கு இது புதிதல்ல. லயத்து வீடு என்பது சம்பளத்தோடு ஒட்டி வந்தது. வீடு, தண்ணீர், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில், பந்து விளையாடத் திடல் எல்லாம் வேலையோடு இருந்தன. 1980-களிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கும் கோல்ஃப் திடலுக்கும் போனபோது 300,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் வெளியேற்றப்பட்டனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களுக்கு இழப்பீடு எப்படி அளக்கப்பட்டது? 1980-ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிமுறைகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டு என்றால் 15 நாள். அதற்கும் கீழே என்றால் 10 நாள்.

நாள் சம்பளம்தான் அளவு! மூன்று தலைமுறை குடியிருந்த வீட்டுக்கு அந்தச் சூத்திரத்தில் மதிப்பு பூஜ்யம். குழாய்க்குப் பூஜ்யம். ஆயாக் கொட்டகைக்குப் பூஜ்யம். அப்படி வெறுங்கையோடு நகரத்துக்கு வந்தவர்கள்தான் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினார்கள். பிறகு 2005-க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாமல் செய்கிறோம் என்று இயக்கம் நடத்தி அந்த வீடுகளையும் உடைத்தார்கள். பலரைத் ‘தற்காலிகமாக’ நீளவீடுகளில் போட்டார்கள். ஜிஞ்சாங் உத்தாராவில் 1990-களில் தற்காலிகமாகக் குடியேறியவர்களின் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றார்கள். புறம்போக்கு வீடு எத்தனை ஒழிந்தது என்பதற்குக் கணக்கு இருந்தது. எத்தனை பேர் எந்த நீளவீட்டில் எத்தனை வருடம் கிடந்தார்கள் என்பதற்கு? 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் கத்தி விழுந்து ஆறு உயிர் போனது, அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அதன் பிறகுதான் அந்தச் சுற்று வட்டாரத்தில் ஏழைகள் எப்படி நெருக்கியடித்து வாழ்கிறார்கள் என்று தலைவர்கள் ‘கண்டுபிடித்தார்கள்’.

சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

நீதிமன்றத்துக்குப் போனால் நியாயம் கிடைக்காதா என்று கேட்பீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1982-இல் சிடேக் எதிர் பேராக் அரசு வழக்கில், புறம்போக்கு நிலத்தில் இருப்பவர்களுக்குச் சட்டத்திலும் உரிமையில்லை, நியாயநெறியிலும் உரிமையில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைக்கும் வழக்கறிஞர்கள் அதைத்தான் நீட்டுகிறார்கள். நிலச் சொந்தக்காரர் உங்களை விரட்ட நீதிமன்ற விதிகளில் 89-ஆம் ஆணை என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதில் குடியிருப்பவரின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. ‘பெயர் தெரியாத நபர்கள்’ என்று போட்டு வழக்குத் தொடரலாம். மனுவைக் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். ஆள் யாரென்றே தெரியாமல் ஆளை வெளியேற்ற முடியும். கணக்கெடுக்காமல் இருப்பதில் யாருக்கு லாபம் என்பது இப்போது புரிகிறதா?

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1996-இல் டான் டெக் செங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் உள்ள ‘உயிர்’ என்ற சொல் வெறும் மூச்சு விடுவதைக் குறிக்காது, வாழ்க்கையின் தரத்தையும் சேர்த்தே குறிக்கும் என்றது. இந்தியாவில் 1985-இலேயே பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்பு நடத்தும் உரிமை உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம் 2000-இல் குரூட்பூம் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. புள்ளிவிவரத்தில் முன்னேற்றம் காட்டுவது மட்டும் போதாது, மிகவும் நெருக்கடியில் இருப்பவர்களைக் கணக்கில் சேர்க்காத வீடமைப்புத் திட்டம் நியாயமான திட்டமே அல்ல என்ற பொருளில் அது தீர்ப்பளித்தது. அந்நாட்டு அரசமைப்பில் வீட்டுரிமை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, நம்முடையதில் இல்லை. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கையிலும் மலேசியா சேரவில்லை. ஆனால் நல்ல வீடு என்றால் என்ன என்பதற்கு அந்த உடன்படிக்கையின் குழு 1991-இல் கொடுத்த விளக்கம் எல்லாருக்கும் பொதுவானது. விரட்டப்படமாட்டோம் என்ற உறுதி, தண்ணீர் முதலான சேவைகள், கட்டுப்படியாகும் செலவு, குடியிருக்கத் தகுந்த நிலை, முடியாதவரும் புழங்கும் வசதி, வேலைக்கும் பள்ளிக்கும் கிட்டத்தில் இருப்பது, பண்பாட்டுக்கு ஏற்றதாக இருப்பது என்று ஏழு. நம் அரசு இதில் விலை ஒன்றைத்தான் பார்க்கிறது, அதையும் மேலே சொன்ன லட்சணத்தில்.

கடைசியாகச் சொன்ன பண்பாட்டைச் சிலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். அதே மஸ்ஜித் இந்தியாவில் 130 ஆண்டு பழமையான தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலத்தை 2014-இல் மாநகர் மன்றம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2025 மார்ச்சில் விவகாரம் வெடித்த பிறகு, ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளி மாற்று இடம் என்று முடிந்தது. விற்ற நாளில் நிலத்துக்குச் சதுர அடி இருந்தது, விலை இருந்தது. அங்கே கும்பிட்டவர்கள் எந்தப் பத்தியில் எழுதப்பட்டார்கள்? அதே சாலையில் 2024 ஆகஸ்ட் 23-இல் தரை பிளந்து ஒரு இந்தியச் சுற்றுப்பயணியை விழுங்கியது. ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே எல்லாருக்கும் வந்தது. அடிப்படைச் சேவை என்பது தரைக்குக் கீழேயும் இருக்கிறது ஐயா!

‘அவர்கள் நம் ஆட்கள் இல்லை’

இனி, நம்மவர்களிடமே சொல்ல வேண்டிய ஒன்று. அந்த 6,000 பேரில் 97 விழுக்காடு வெளிநாட்டினர்தானே, நம் இயக்கத்துக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான். நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்து லயத்தில் அடைக்கப்பட்ட உங்கள் கொள்ளுத் தாத்தா எந்த நாட்டவர்?

அந்த மாடிகளில் படுத்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்து நம்மவர்களின் சாப்பாட்டுக் கடையிலும் துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நிற்பவர்கள். அவர்களை அங்கே தங்க வைத்த முதலாளிகளில் நம்மவர்களும் உண்டு. தொழிலாளர் தங்குமிடத்துக்கான 446-ஆவது சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு 2020-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிமுறைப்படி விடுதியல்லாத வீட்டில் ஒருவருக்குப் படுக்க 3.6 சதுர மீட்டராவது வேண்டும். பதினாறு பேருக்கு 57.6 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 620 சதுர அடி. ஒரு பிபிஆர் வீட்டின் சமையலறை, குளியலறை எல்லாம் சேர்ந்த மொத்தப் பரப்பே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் அது நெருக்கடிக் குடியிருப்பு என்பது ஐ.நா. வாழ்விட அமைப்பின் அளவு. மேடையில் இன உரிமை பேசி மாலை வாங்கிக்கொண்டு, மாடியில் பதினாறு பேரை அடைக்கும் முதலாளியிடம் நன்கொடை வாங்க நம் இயக்கத்துக்கு அவசியமில்லை.

அந்த எண்ணிக்கைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள். பரிசோதனைக்கு வாருங்கள், பயப்பட வேண்டாம் என்று முன்னதாக அரசுத் தரப்பிலிருந்து உறுதி வந்திருந்தது. மூன்று வாரம் முள்கம்பிக்குள் வைத்து, ஆட்களை எண்ணி, மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த பிறகு, 2020 மே 1-ஆம் தேதி குடிநுழைவுத் துறையும் போலீசும் அந்த வட்டாரத்தில் புகுந்தன. குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் லாரியில் ஏற்றப்பட்டார்கள். தொழிலாளர் தினத்தன்று! எண்ணியவர் கையைப் பிடித்துக்கொண்டே பிடிப்பவர் வந்தால், அடுத்த முறை எண்ண வருபவருக்கு யார் கதவைத் திறப்பார்கள்? இது வெளிநாட்டினர் பிரச்சினை மட்டுமன்று. பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு, அல்லது அட்டையே இல்லாமல் இங்கேயே பிறந்து வாழும் நம் மக்களும் அதிகாரி கதவைத் தட்டினால் உள்ளே ஒளிகிறார்கள். குடியுரிமை இல்லாததால் பிபிஆருக்கு மனுப் போட முடியாது. மனுப் போடாததால் காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாததால் ‘தேவை குறைந்துவிட்டது’ என்று அறிக்கை வரும்.

ஏன் இப்போது?

2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா நாடாளுமன்றத்தில் முதல் வாசிப்புக்கு வந்தது. இப்போதுள்ள நிலையில் ஓர் அடுக்குமாடியைக் கலைத்து விற்க அதன் உரிமையாளர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். அந்த மசோதா இதை 30 வயதுக்குட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடாகவும், 30-ஐத் தாண்டியதற்கு 75 விழுக்காடாகவும், கைவிடப்பட்டதற்கு 51 விழுக்காடாகவும் குறைக்க முன்வந்தது. கோலாலம்பூரில் மட்டும் 139 இடங்கள் புதுப்பிக்கத் தகுந்தவை என்று அடையாளம் காணப்பட்டதாகவும் சொன்னார்கள். எதிர்ப்பு பலமாக எழுந்தது. அந்த மசோதாவின் கதி எதுவானாலும், அந்த எண்ணம் போய்விடாது. நகரின் நடுவே பழைய கட்டடம் நிற்கும் நிலம் அவ்வளவு விலை போகிறது.

விவாதம் முழுக்க 75-ஆ 80-ஆ 100-ஆ என்றே நடந்தது. எதில் 75 விழுக்காடு? உரிமையாளர்களில்! ஒரு பழைய கட்டடத்தில் 100 உரிமையாளரும் 1,000 வாடகைக்காரரும் இருந்தால், அந்த 1,000 பேரின் குரல் எத்தனை விழுக்காடு? பூஜ்யம். மீண்டும் கதவுக் கணக்குத்தான். உரிமையாளருக்காவது பேரம் பேச ஓர் ஓட்டு இருக்கிறது. இருபது வருடம் வாடகை கொடுத்துச் செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ பழைய மாடியில் இருக்கும் நம் குடும்பத்துக்கு வரப்போவது கதவில் ஒட்டிய ஒரு தாள். மாநகர் மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் உங்களுக்கு ஓட்டு இல்லை. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. ஆகவே யாரும் வந்து உங்களை எண்ணுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கை குழப்பமில்லாதது. ஒவ்வொரு பிபிஆர் கட்டடத்துக்கும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், லிஃப்ட் மாதத்தில் எத்தனை நாள் ஓடியது, தண்ணீர் எத்தனை நாள் நின்றது, வாடகைப் பாக்கிக்காக எத்தனை குடும்பம் வெளியேற்றப்பட்டது என்பதை மாதாமாதம் வெளியிட வேண்டும். கட்டுப்படி விலை என்ற பெயரை வைப்பதற்கு முன், குறைந்தபட்சச் சம்பளக்காரரின் கையில் வீட்டுச் செலவு போக மீதி எவ்வளவு நிற்கிறது என்று காட்ட வேண்டும். புதுப்பிப்பு என்று எந்தச் சட்டம் வந்தாலும், வாடகைக்கு இருப்பவர்களைக் கணக்கெடுத்து மாற்று வீடு உறுதி செய்யாமல் ஒரு செங்கல்லையும் தொடக்கூடாது. குடியிருப்போரைக் கணக்கெடுக்கும் எந்தத் துறையும் அந்தப் பட்டியலைக் குடிநுழைவுத் துறைக்குக் கொடுக்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.

அவர்கள் செய்யும் வரை நாமே செய்வோம். உங்கள் கட்டடத்தில், உங்கள் மாடியில் தொடங்குங்கள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். வீட்டுக்கு ஒரு வரி. எத்தனை பேர், எத்தனை அறை, எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை. வாடகை, தண்ணீர், மின்சாரம், வேலைக்குப் போய்வரும் பஸ், எல்.ஆர்.டி. செலவு எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு. எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள், கையில் ஒப்பந்தத் தாள் ஏதாவது உண்டா. லிஃப்ட் நின்ற நாளைச் சுவரில் மாட்டிய காலண்டரிலேயே குறித்து வையுங்கள். தேதி போட்ட குறிப்பு நீதிமன்றத்தில் சாட்சி, வாய்ப் புகார் வெறும் புலம்பல் என்று தள்ளப்படும். பக்கத்து வீட்டில் மலாய்க்காரர் இருந்தாலும், சீனர் இருந்தாலும், வங்காளதேசத்துக்காரர் இருந்தாலும் அவர்களையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரே லிஃப்டுக்குத்தான் எல்லாரும் காத்திருக்கிறீர்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவரின் பெயரை எழுத வேண்டாம். அடையாள அட்டை எண்ணையும் கடப்பிதழ் எண்ணையும் யாரிடமும் கேட்காதீர்கள்.